காசு செலவழிக்காத பயணிக்கு என்ன கிடைக்கிறது?

சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்களில் கணிசமானோர் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி விமானம் மாறுகிறார்கள். இரண்டு விமானங்களுக்கும் நடுவே நான்கு மணி நேரமும் இருக்கலாம், பத்து மணி நேரமும் இருக்கலாம். அந்த நேரத்தை நம்மவர்கள் கழிக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். இறங்கியதும் அடுத்த கேட்டைத் தேடிப் போவது, செல்போனுக்கு சார்ஜ் போட இடம் பார்ப்பது, கைப்பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவது. எழுந்தால் இடம் போய்விடும், தள்ளிப் போனால் விமானமே போய்விடும் என்ற பயம். வேண்டாத தவம் இது. அந்த நேரத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் சேர்த்துத்தான் டிக்கெட்டில் பணம் கட்டியிருக்கிறோம். கட்டிய பணத்துக்கு உரியதை அனுபவிப்பதில் தயங்க ஒன்றுமில்லை. ஒரு விமான நிலையம் நல்லதா என்று அறிய அதன் கடைகளை எண்ணிப் பார்க்க வேண்டாம். ஒரு காசும் செலவழிக்காமல் ஆறு மணி நேரம் அங்கே இருக்கிறவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் போதும். சாங்கியை இந்த அளவுகோலால்தான் அளக்க வேண்டும். நம் ஊர் விமான நிலையங்களையும் இதே அளவுகோலால் அளக்கலாம்.

முதலில், இந்தக் காத்திருப்பு ஏன் வருகிறது என்று பார்ப்போம். எல்லா ஊரிலிருந்தும் எல்லா ஊருக்கும் நேரடி விமானம் விட்டால் பாதி இருக்கைகள் காலியாகப் பறக்கும். அதனால் விமான நிறுவனங்கள் ஓர் ஊரை மையமாக வைத்துக்கொண்டு, பல திசைகளிலிருந்து வரும் விமானங்களை ஏறத்தாழ ஒரே நேரத்தில் அங்கே இறக்குகின்றன; சில மணி நேரம் கழித்து மறு திசைகளுக்கு அனுப்புகின்றன. திருச்சியில் ஏறிய ஒருவரும் கோயம்புத்தூரில் ஏறிய ஒருவரும் பெர்த் விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் உட்காருவது இப்படித்தான். சாங்கியில் 2024ஆம் ஆண்டில் 6.77 கோடிப் பயணிகளின் போக்குவரத்து பதிவானது. சிங்கப்பூரின் மக்கள்தொகையே சுமார் 60 லட்சம்தான். அந்த ஊருக்கு வருகிறவர்கள், அந்த ஊரிலிருந்து போகிறவர்கள் ஆகியோரை மட்டும் நம்பி இத்தனை பெரிய நிலையத்தை நடத்த முடியாது. இடையில் இறங்கி ஏறும் பயணி அந்தத் தொழிலின் தூண்களில் ஒருவர். அவர் காத்திருப்பதால்தான் அந்த விமானங்கள் நிரம்புகின்றன.

‘இடைவெளி குறைவான டிக்கெட்டை வாங்கிவிட்டால் இந்தப் பேச்சே தேவையில்லையே’ என்று கேட்கலாம். ஒரு மணி நேர இடைவெளியில் விமானம் மாறுவது காகிதத்தில் அழகாக இருக்கும். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால் அடுத்த விமானத்துக்கு மூச்சிரைக்க ஓட வேண்டும். நாம் ஓடிப் பிடித்தாலும் பெட்டி பிடிக்காமல் போகலாம். வயதான பெற்றோரைப் பேரப்பிள்ளை பார்க்கத் தனியே அனுப்பும் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். நான்கைந்து மணி நேர இடைவெளி அவர்களுக்கு ஒரு காப்பீடு. காத்திருப்பு பயணத்தோடு சேர்ந்தே வரும் என்றால், அதை எப்படிக் கழிப்பது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

அதற்கு நாம் பணமும் கட்டியிருக்கிறோம். விமான நிலையத்தில் ‘இலவசம்’ என்று எழுதியிருப்பது எதுவும் தர்மத்துக்குத் தரப்படுவதல்ல. டிக்கெட்டில் ‘வரிகளும் கட்டணங்களும்’ என்ற தலைப்பில் ஒரு தொகை இருக்கும். யாரும் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை. விமான நிலையத்தின் சேவைக் கட்டணமும் பாதுகாப்புக் கட்டணமும் அதற்குள்தான் இருக்கின்றன. சாங்கியில் 2018 ஜூலை முதல் வளர்ச்சித் தீர்வை என்ற ஒன்றும் சேர்ந்தது. சிங்கப்பூரிலிருந்து புறப்படுகிறவருக்கு 10.80 சிங்கப்பூர் டாலர், விமானம் மாறிச் செல்கிறவருக்கு 3 டாலர் என்று அப்போது வைத்தார்கள். ஐந்தாவது டெர்மினலைக் கட்டுவதற்கான பணத்தின் ஒரு பகுதி இது. அந்த டெர்மினலுக்கான அடிக்கல் நாட்டு விழா 2025 மே மாதம் நடந்தது. அது திறக்க 2030களின் நடுப்பகுதி ஆகும். ஆக, இன்று வெறும் நான்கு மணி நேரம் அங்கே உட்கார்ந்துவிட்டுப் போகிறவரும் நாளைய கட்டடத்துக்குச் செங்கல் கொடுத்துவிட்டுத்தான் போகிறார். அவர் அங்கே விருந்தாளி இல்லை, பங்காளி.

உடம்பின் பக்கமிருந்து பார்த்தால் இந்த வாதம் இன்னும் வலுக்கிறது. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் பெரும்பாலும் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டியே ஏறத்தாழ 2,240 மீட்டர்தான். ஆனால் ஊட்டியின் ஈரக்காற்று விமானத்துக்குள் கிடையாது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உதடு வெடிப்பதும் கண் எரிவதும் தொண்டை காய்வதும் அதனால்தான். இதைவிட முக்கியமானது கால். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. தனிமனிதருக்கு அது சிறிய ஆபத்துதான். சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவு. ஆனாலும் நான்கு மணி நேரம் உட்கார்ந்து வந்துவிட்டு, இன்னும் எட்டு மணி நேரம் உட்காரப் போகிறவர், நடுவில் கிடைத்த ஐந்து மணி நேரத்தையும் நாற்காலியிலேயே கழிப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? அவருக்கு அப்போது தேவை தண்ணீர், நடை, வெளிச்சம், முடிந்தால் கால் நீட்டிக் கொஞ்சம் தூக்கம். இந்த நான்கையும் கடையில் வாங்க வேண்டியதில்லை.

சாங்கி தனித்து நிற்பது இந்த இடத்தில்தான். சிங்கப்பூர் அரசு 1975இல் பாய லேபார் விமான நிலையத்தை விரிவாக்கும் யோசனையைக் கைவிட்டு, தீவின் கிழக்கு முனையில் சதுப்பு நிலத்தையும் கடலையும் நிரப்பிப் புதிய நிலையம் கட்ட முடிவெடுத்தது. 1981 ஜூலை 1 அன்று முதல் டெர்மினல் இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு வந்த டெர்மினல்களில் தோட்டத்துக்கும் இடம் ஒதுக்கினார்கள். 2008இல் திறந்த மூன்றாவது டெர்மினலில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் இருக்கிறது. பாதுகாப்பு வளையத்துக்கு உள்ளேயே, போர்டிங் பாஸ் கையில் உள்ள யாரும் கதவைத் தள்ளிக்கொண்டு போகலாம். குளிரூட்டிய நடைபாதையிலிருந்து உள்ளே காலெடுத்து வைத்ததும் மழைக்காட்டின் புழுக்கம் முகத்தில் படும். விமானத்தில் காய்ந்துபோன தோலுக்கு அந்த ஈரம் இதமாக இருக்கும். இரண்டு தளங்கள், 6 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு சிற்றருவி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள். ஒரு கண்ணாடிக் கூண்டில் கூட்டுப்புழுக்கள் வரிசையாகத் தொங்கும். பொறுமையாக நின்றால், ஒரு கூடு பிளந்து, கசங்கிய இறக்கையோடு ஒரு பூச்சி வெளியே வந்து, அந்த இறக்கையை மெல்ல விரித்துக் காயவைப்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் அன்னாசித் துண்டுகளின் மேல் நாலைந்து பூச்சிகள் உட்கார்ந்து சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். தோட்டம் இரவிலும் திறந்திருக்கிறது, ஆனால் பூச்சிகள் அப்போது இலைக்கடியில் ஒடுங்கிவிடும்; பகலில் போவதே நல்லது.

சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பும் விமானங்கள் சிங்கப்பூர் நேரப்படி விடியற்காலையில் இறங்குகின்றன. அந்த ஊர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. சூரியன் ஆண்டு முழுவதும் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும். இரண்டாவது டெர்மினலின் மேல்தளத்தில் திறந்தவெளியில் ஒரு சூரியகாந்தித் தோட்டம் இருக்கிறது. காலை வெயிலில் அங்கே அரை மணி நேரம் நின்றால், புதிய ஊரின் நேரத்துக்கு உடம்பு பழகத் தொடங்கும். உடம்பின் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில் பகல் வெளிச்சத்துக்கு நிகரானது வேறில்லை என்பதை மருத்துவர்களும் ஒப்புக்கொள்வார்கள். களைப்பு மிஞ்சினால் சாய்ந்து படுக்கும் இருக்கைகள் கொண்ட ஓய்விடங்கள் உண்டு. மூன்றாவது டெர்மினலில் இலவசமாகப் படம் காட்டும் சிறு திரையரங்கு ஒன்று இருக்கிறது. குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல்கள், எல்லா மதத்தாருக்கும் பொதுவான வழிபாட்டு அறைகள், குடிநீர்க் குழாய்கள் எல்லாம் சிலநூறு அடி நடைக்குள் வந்துவிடும்.

இவற்றையெல்லாம் பயணி அனுபவிக்க முடிவதற்கு ஒரு கட்டடக் காரணமும் இருக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பல நாடுகளில் விமானம் மாறுகிறவர் இறங்கியதுமே மறுபடி பாதுகாப்புச் சோதனை வரிசையில் நின்றுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். சாங்கியின் முதல் மூன்று டெர்மினல்களில் அந்தச் சோதனையை ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் வைத்திருக்கிறார்கள். அதனால் இறங்கிய நிமிடமே பயணி அந்தப் பெரிய கூடத்துக்குள் விட்டு விடுதலையாக நடக்கலாம். டெர்மினல்களுக்கு இடையே கட்டணமில்லாத ஸ்கைட்ரெயினில் போய் வரலாம். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சோதனை கேட்டில் நடப்பதால் கடைசி நிமிடத்தில் ஓடி வரக் கூடாது. தண்ணீர் பாட்டிலையும் அங்கே காலி செய்தாக வேண்டும். போர்டிங் பாஸில் உள்ள நேரத்தைப் பார்த்துக் கால் மணி முன்னதாகவே கேட்டுக்குப் போய்விடுவது புத்திசாலித்தனம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். வலுவான மறுப்பு இது: ‘தோட்டம், அருவி எல்லாம் தூண்டில்புழு. ஆளை உள்ளே இழுத்து வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் வாங்க வைப்பதுதான் நோக்கம்.’ இதில் உண்மை இருக்கிறது. டூட்டி ஃப்ரீ கடை என்பதே விமானம் மாறும் பயணியை வைத்துப் பிறந்தது. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கும் இடமாக இருந்தது அயர்லாந்தின் ஷானன் விமான நிலையம். அங்கே காத்திருந்தவர்களுக்காக பிரெண்டன் ஓ’ரீகன் 1947இல் முதல் கடையைத் திறந்தார். இன்று உலக அளவில் விமான நிலையங்களின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, விமானங்களோடு நேரடியாகத் தொடர்பில்லாத கடை வாடகை, வாகன நிறுத்தம், விளம்பரம் போன்றவற்றிலிருந்து வருகிறது. பல நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியதும் கடையின் வயிற்றுக்குள் நுழைந்து வளைந்து வளைந்துதான் வெளியே வர முடிகிறது. இது தற்செயல் இல்லை, திட்டம். ஆனால் இந்த உண்மையிலிருந்து ‘ஆகவே தோட்டம் பொய்’ என்ற முடிவுக்கு வர முடியாது. வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தின் வாசலில் யாரும் கடை ரசீது கேட்பதில்லை. கடையில் செலவழிக்கிறவரின் பணத்தில் ஒரு பகுதி, செலவழிக்காதவரின் நிழலாகிறது. விற்பவரின் நோக்கம் விற்பது. நம் நோக்கம் ஓய்வு. இரண்டும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் நம் நோக்கத்தை நாம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றில்லை. கடைத்தெரு வழியாகக் கோயிலுக்குப் போகிறவர் கடையைப் பார்த்துக்கொண்டே கோயிலுக்குப் போய்ச் சேர்வதுபோல, நாமும் போகிற இடத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் சரி.

‘இதெல்லாம் வசதி படைத்தவர்களின் கவலை’ என்பது இன்னொரு மறுப்பு. எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. வசதி படைத்தவருக்குப் பொதுத் தோட்டம் தேவையே இல்லை. அவருக்கு லவுஞ்ச் இருக்கிறது. பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டோ கிரெடிட் கார்டோ காட்டினால் சாப்பாடும் குளியலும் சோபாவும் கிடைத்துவிடும். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் டிரான்சிட் ஹோட்டல் அறையும் அவருக்கு எட்டும். லவுஞ்சின் கதவு மூடியிருப்பது கட்டுமான வேலைக்குப் போகும் இளைஞருக்கும், மகள் பிரசவத்துக்குப் போகும் தாய்க்கும், கடன் வாங்கிப் படிக்கப் போகும் மாணவிக்கும்தான். பொது இடம் நன்றாக இருந்தால் முதலில் பயன்பெறுவது அவர்கள்தான். ஒரு நிலையம் தன் அழகையெல்லாம் லவுஞ்சுக்குள் பூட்டி வைத்துவிட்டு, வெளியே கைப்பிடி வைத்த இரும்பு நாற்காலிகளைப் போட்டிருந்தால், அதற்கு எத்தனை நட்சத்திரம் கொடுத்தாலும் அது நல்ல நிலையம் ஆகாது. சாங்கியை ஸ்கைட்ராக்ஸ் நிறுவனம் 2025இல் 13ஆவது முறையாக உலகின் சிறந்த விமான நிலையமாக அறிவித்தது. அந்த விருதுகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காசு கொடுக்காமல் கால் நீட்ட இடம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிய சான்றிதழ்.

‘அத்தனை மணி நேரம் இருந்தால் ஊரையே பார்த்துவிட்டு வரலாமே, கண்ணாடிக் கட்டடத்துக்குள் ஏன் அடைந்து கிடக்க வேண்டும்?’ என்பவர்களோடு எனக்கு முரண்பாடில்லை, முடிந்தவர்கள் போகட்டும். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் இடைவெளி உள்ள பயணிகளுக்கு, இரண்டரை மணி நேரத்தில் ஊர் காட்டித் திருப்பிக் கொண்டுவந்து விடும் இலவசப் பேருந்துச் சுற்றுலாவே அங்கே உண்டு. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் இமிகிரேஷனைத் தாண்ட சிங்கப்பூர் விசா வேண்டும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரிட்டன், ஜப்பான் போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசாவும் அடுத்த பயண டிக்கெட்டும் இருந்தால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் வெளியே போக அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. நிபந்தனைகளைப் புறப்படும் முன் சிங்கப்பூர் இமிகிரேஷன் துறையின் தளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். எல்லோரும் படத்தில் பார்த்து ஆசைப்படும் அந்த 40 மீட்டர் உள்ளரங்க அருவிக்கும் இதே சிக்கல்தான். முதல் டெர்மினலின் கார் நிறுத்துமிடம் இருந்த மனையில், மோஷே சாஃப்டி வடிவமைத்து 2019 ஏப்ரலில் திறந்த ஜுவல் மாளிகை இமிகிரேஷனுக்கு வெளியே இருக்கிறது. விசா இல்லாதவர் மனம் தளர வேண்டாம். டெர்மினல்களை இணைக்கும் ஸ்கைட்ரெயின் பாதை அந்த மாளிகையின் ஊடாகவே போகிறது. இரண்டாவது டெர்மினலுக்கும் மூன்றாவது டெர்மினலுக்கும் இடையே உள்ளிருந்தபடியே போனால், அருவியைச் சில நொடிகள் நேருக்கு நேர் பார்த்துவிடலாம். வேண்டுமென்றால் திரும்பி ஏறி இன்னொரு முறையும் பார்க்கலாம். யாரும் டிக்கெட் கேட்கப் போவதில்லை.

இந்தப் போக்கு சிங்கப்பூரோடு நிற்கவில்லை. ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் நிலையத்தில் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2002இல் ஒரு கிளை திறந்தது. 2010இல் அங்கே ஒரு நூலகமும் வந்தது. தோகாவின் ஹமத் நிலையத்தில் 2022இல் 300க்கும் மேற்பட்ட மரங்களோடு ஓர் உள்ளரங்கத் தோட்டம் திறந்தார்கள். சோல் அருகே இஞ்சான் நிலையம், விமானம் மாறுகிறவர்களுக்குக் குளியலறையைக் காசில்லாமல் தருகிறது. என்னைக் கேட்டால், நெடும்பயணிக்கு அருவியைவிடப் பெரிய உபகாரம் அந்தக் குளியல்தான்.

‘நம் ஊரில் முதலில் கழிப்பறை சுத்தமாக இருக்கட்டும், பிறகு தோட்டம் பேசலாம்’ என்று சிலர் சொல்லக்கூடும். இரண்டும் ஒரே அக்கறையிலிருந்து வருபவை என்பதைத்தான் சாங்கி காட்டுகிறது. அங்கே கழிப்பறை வாசலில் தொடுதிரை வைத்துப் பயணியிடம் மதிப்பெண் கேட்கிறார்கள். குறை வந்தால் உடனே ஆள் அனுப்புகிறார்கள். காசு வராத இடத்தையும் கவனிக்கும் பழக்கம் வந்துவிட்டால் தோட்டமும் வாடாது. இந்தியாவிலும் நல்ல அறிகுறிகள் இருக்கின்றன. பெங்களூருவில் 2022 நவம்பரில் திறந்த இரண்டாவது டெர்மினலைத் தோட்டத்துக்குள் ஒரு டெர்மினல் என்ற எண்ணத்திலேயே கட்டியிருக்கிறார்கள். சென்னையில் 2023 ஏப்ரலில் திறந்த புதிய டெர்மினலில் கோலமும் கோயிலும் அலங்காரமாக வந்திருக்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சுவரில் கோலம் இருப்பதால் பயணியின் கால்வலி தீராது. என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய செய்தி, 2025 பிப்ரவரியில் சென்னை உள்நாட்டு முனையத்தில் திறந்த உடான் யாத்ரி கஃபே. தேநீர் 10 ரூபாய், தண்ணீர் பாட்டில் 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். விமான நிலையத்தில் சாதாரண மனிதருக்கும் பசிக்கும் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. அடுத்ததாக, பன்னாட்டு முனையத்தில் இரவெல்லாம் காத்திருப்பவர்களுக்குக் கைப்பிடி இல்லாத நீள இருக்கைகளும், காசில்லாத குளியலறையும், மரநிழலில் நடக்க ஓர் இடமும் வர வேண்டும். இவற்றுக்கு ஆயிரம் கோடி தேவைப்படாது. டிக்கெட்டில் கட்டணம் வாங்கும் நிர்வாகத்திடம் இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கருத்துப் படிவத்தில் எழுதுங்கள், எம்.பி.யிடம் மனு கொடுங்கள்.

அதுவரை, அடுத்த முறை சிங்கப்பூர் வழியாகப் போகும்போது கேட்டுக்கு நேரே போகாதீர்கள். பெட்டி கடைசி ஊர் வரை போகிறதா என்று கிளம்பும் இடத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கியவர்களுக்குப் பெட்டியை வெளியே போய் எடுக்க வேண்டிவரலாம், அதற்கு விசாவும் வேண்டிவரலாம். இறங்கியதும் தகவல் பலகையில் அடுத்த விமானத்தின் டெர்மினலைப் பார்த்துவிட்டு, போனில் ஒரு அலாரம் வையுங்கள். பிறகு தண்ணீர் குடித்துவிட்டு நடக்கத் தொடங்குங்கள். வயதான பெற்றோரைத் தனியே அனுப்புகிறவர்கள், ‘பத்திரமா கேட் பக்கத்துலயே உக்காந்திருங்க’ என்று சொல்லி அனுப்பாமல், எந்தத் தோட்டம் எந்தத் தளத்தில் இருக்கிறது, எங்கே கால் நீட்டிப் படுக்கலாம் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி போர்டிங் பாஸோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள்.